வலிக்காத இடம்

அத்தியாயம் 11

அக்பர் அலிக்கு ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகள்தான் தெரியும். எஸ், எம், எல், எக்ஸ். கம்பைநல்லூரில் முப்பது வருடமாகச் சட்டை தைக்கிறவருக்கு அந்த நான்கு போதுமானதாகத்தான் இருந்தது. இந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணி வரைக்கும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். போன வாரம் அவர் மகள் நஜ்மா ஜெயித்துவிட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "மருந்துதான் ஒத்துக்கலை, சைடு எஃபெக்ட்டு, மாத்துங்க" என்று மூன்று மாதமாகப் பெற்றவர்களை ஒருவழியாக்கி, கடைசியில் இருவரையும் தர்மபுரியில் டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள். பிடிவாதத்தில் அவள் அம்மாவைக் கொண்டிருக்கிறாள் என்று அத்தா சொல்வார். அத்தாவைக் கொண்டிருக்கிறாள் என்று அம்மா சொல்வாள். இரண்டும் உண்மைதான்.

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மா அமீருன்னிசாவுக்கு ஆறு வருடமாக இன்சுலின். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. இருபது யூனிட்டில் தொடங்கிய ஊசி நாற்பதுக்கு ஏறியும் சக்கரை இறங்கிய பாடில்லை. இப்போது கண்ணும் மங்கிவிட்டது. சட்டைகளுக்குப் பட்டன் தைப்பது அவள் வேலை, ஆனால் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிவதில்லை. தினமும் காலையில் அக்பர் அலியே பத்து ஊசிகளில் நூல் கோத்து, ஒரு துணித் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார்.

டாக்டர் அன்றைக்கு முக்கியமான கேள்வியைக் கேட்கத்தான் செய்தார்.

"ஊசிய இடம் மாத்தி மாத்திப் போடறீங்களா?"

"தினமும் மாத்தித்தாங்க போடறன்," என்றார் அக்பர் அலி.

"கட்டிய காட்டுங்கம்மா, பாக்கலாம்."

அமீருன்னிசா முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள். "வேணாங்க டாக்டர். அவ்ளோ ஒண்ணும் பெருசில்ல." ஆம்பளை டாக்டரிடம் வயிற்றைக் காட்டுவதாவது! நர்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். "மருந்தால இருக்கலாம், வேற இன்சுலின் மாத்திப் பாப்போம். அளவு இப்போதைக்கு அதேதான். முதல் வாரம் அடிக்கடி சக்கரையைப் பாத்துக்கிட்டே இருங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இப்படித்தான் புது மருந்து அந்த வீட்டுக்குள் வந்தது.

* * *

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. முதல் ஊசியைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நஜ்மா ராத்திரியே வந்து தங்கிவிட்டாள். அவளுக்கு அரூரில் தங்கி இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் வேலை. எட்டரை பஸ்ஸைப் பிடித்தால் போதும்.

சக்கரை பார்க்கும் மெஷினில் விரல் நுனி ரத்தத்தை வைத்துப் பார்த்தார்கள். இருநூற்று எண்பத்தாறு.

"பாத்தீங்களா? பழைய மருந்து வேலையே செய்யல," என்றாள் நஜ்மா.

புது மருந்து பேனா வடிவில் இருந்தது. பின்னால் திருகினால் டிக், டிக் என்று எண் ஏறும். அக்பர் அலி அதை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு நாற்பது வரைக்கும் திருகினார்.

"அத்தா, வயித்துல வேணாம். கட்டி கரையற வரைக்கும் தொடையில போடுங்க. போன்ல பாத்தன், தொடையிலயும் போடலாமாம்."

"வயித்துலன்னா எனக்கு அளவு தெரியும். தொடையில எங்கன்னு கண்டுபோடறது?"

"அளவாவது, கிளவாவது! சட்டையா தெக்கறீங்க? போடுங்கத்தா."

போட்டார்.

"ஸ்ஸ்," என்றாள் அமீருன்னிசா.

அக்பர் அலியின் கை அப்படியே நின்றது. ஆறு வருடமாகக் காலையிலும் சாயங்காலமும் ஊசியை எடுத்ததும் அவர் கேட்கிற ஒரே கேள்வி, "வலிக்குதா அமீரு?" ஆறு வருடமாக அவள் சொல்கிற ஒரே பதில், "இல்லீங்க." இந்த 'ஸ்ஸ்' அவர் பல வருடமாகக் கேட்டிராத சத்தம்.

"வலிக்குதா அமீரு?"

"இல்லீங்க," என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

இரண்டு இட்லி சாப்பிட்டாள். மூன்றாவதைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். நஜ்மா பஸ் ஏறிப் போனாள். அவளுக்கு மனசுக்குள் சந்தோஷம்தான். நல்லது நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு போகிறவளை நாம் என்ன சொல்ல முடியும்?

* * *

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். தையல் கடையில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் யூனிஃபார்ம் துணி. வீடு கடைக்குப் பின்னால்தான். பட்டன் தைத்து முடித்த சட்டைகளை அமீருன்னிசா மடித்து எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து கொடுப்பாள்.

பதினொரு மணிக்கு ஐந்து சட்டைகளோடு வந்தாள்.

அக்பர் அலி முதல் சட்டையை விரித்தார். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டன்கள் எல்லாம் பட்டன் பட்டியில் இல்லை. எதிர்ப்பக்கம், காஜா ஓட்டைகளின் மேலேயே, ஓட்டையை அடைத்து வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன. இரண்டாவது சட்டையும் அப்படியே.

"என்ன அமீரு இது? காஜா மேலயே பட்டன வெச்சித் தெச்சிருக்கற. சட்டைய எப்பிடிப் போடறது, தலைவழியாவா?"

அமீருன்னிசா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடையதாக இல்லை.

"நஜ்மாவுக்குப் பால் காய்ச்சணும். ஸ்கூல் வுட்டு வந்துடுவா."

"எந்த நஜ்மாவுக்கு?"

அப்போதுதான் அவர் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். நெற்றி, கழுத்து, மேலுதடு எல்லாம் வேர்வை. ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மெல்லச் சரிந்து துணிக்குவியல் மேல் உட்கார்ந்தாள். பிறகு படுத்துவிட்டாள்.

"அமீரு! ஏ அமீரு!"

எதிரில் டீக்கடை வைத்திருக்கும் சின்னம்மாள் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். அமீருன்னிசாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க பாயி, ஒடம்பெல்லாம் ஜில்லுனு கீதே! எங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் வரும். சக்கரை கொறஞ்சிபோச்சிங்க. இருங்க, எடுத்தாறன்."

"சக்கரையா? அவளுக்கா? கொன்னுடுவியாட்டம் இருக்குது! புது மருந்து ஒத்துக்கலம்மா. சைடு எஃபெக்ட்டு!"

"மெஷின் கீதில்ல, பாத்துட்டாச்சும் சொல்லுங்க!"

உள்ளே ஓடினார். எடுத்து வந்தார். அவள் விரலில் குத்தி ரத்தத்தை வைத்தார். எண் வரும் என்று பார்த்தார். எண் வரவில்லை. திரையில் ஓர் எழுத்து. அவருக்குத் தெரிந்த எழுத்து. காலரில் தினம் தினம் அவர் வைத்துத் தைக்கிற எழுத்து.

எல்.

எல் என்றால் லார்ஜ். பெரிசு. சக்கரை அளக்க முடியாத அளவுக்குப் பெரிசாக ஏறிவிட்டது. யா அல்லாஹ்!

சின்னம்மாள் டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அக்பர் அலி அதைக் கையால் தட்டிவிட்டார். நீலத்துணி மேலெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் சிந்தியது.

"ஏறிக் கெடக்குது, நீ வேற! ஆறு வருஷமா ஒரு மிட்டாய் கண்ணுல காட்டாம வெச்சிருக்கறன் இவள!"

எத்தனை நிமிடம் போனது என்று பிறகு அவருக்குக் கணக்குத் தெரியவில்லை. நஜ்மாவுக்கு போன் போட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. அமீருன்னிசாவின் கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை. கடை வாசலில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் தடவை எடுத்தாள்.

"நஜ்மா, அம்மா வுழுந்துட்டாம்மா. பேச்சில்ல."

"மெஷின்ல என்ன நம்பர் வருது அத்தா?"

"நம்பரே வரல. லார்ஜுன்னு வருது."

"என்னது?"

"எல்லு! சக்கரை லார்ஜா ஏறிப்போச்சி!"

"எல் பக்கத்துல என்ன இருக்குது? நல்லா பாருங்க."

"ஒரு சைபரு."

 அந்தப் பக்கமிருந்து நஜ்மா கத்திய கத்தல் டீக்கடை வரைக்கும் கேட்டது.

"அத்தா! அது லார்ஜ் இல்ல, லோ! கொறஞ்சிபோச்சின்னு அர்த்தம்! மெஷினால சொல்லக்கூட முடியாத அளவுக்குக் கொறஞ்சிபோச்சி! சக்கரை குடுங்க! வாயில ஊத்தாதீங்க, பொரை ஏறிடும். கொழகொழன்னு நனைச்சி கன்னத்துக்குள்ள தடவுங்க! நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க! அத்தா, கேக்குதா? அத்தா!"

அக்பர் அலியின் கையிலிருந்து போன் நழுவியது. வாசலில் நின்ற ஒருவர் நூற்றெட்டைக் கூப்பிட்டார். சின்னம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் சொன்னேனே என்று சொல்லிக்காட்டவில்லை, மகராசி. சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து, அமீருன்னிசாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலால் கன்னத்தின் உள்பக்கம் தடவினாள். மறுபடி தடவினாள். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவர் நாற்பது யூனிட்டைத் திருகிய அதே விரல்களால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

* * *

அரூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறி அரைமணி நேரத்தில் அமீருன்னிசா கண் விழித்தாள். "நஜ்மா, நீ வேலைக்குப் போகலையா?" என்று கேட்டாள். நஜ்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

காவேரி என்றொரு நர்ஸ். நாற்பது வயசு இருக்கும். திரையை இழுத்துவிட்டு, "பொம்பளைங்கதான் இருக்கறோம், காட்டுங்கக்கா" என்று அமீருன்னிசாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு கட்டிகளையும் விரலால் அழுத்தினாள். வெளியே வந்து அக்பர் அலியிடம் கேட்டாள்.

"ஊசி யாருங்க போடறது?"

"நான்தாங்க."

"எங்க போடுவீங்க?"

டாக்டரிடம் சொன்னதையே இவளிடமும் சொன்னார், ஆனால் இவள் விடாமல் கேட்டதால் முழுசாகச் சொன்னார். "மாத்தி மாத்தித்தாங்க போடுவன். காலையில வலது, சாயங்காலம் எடது. தொப்புள்ல இருந்து இந்தப் பக்கம் ரெண்டு இஞ்ச், அந்தப் பக்கம் ரெண்டு இஞ்ச். ஆறு வருஷமா நூல் பிசகாதுங்க."

கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. பாவம்.

அவர் தொழிலில் அதுதான் முறை. நல்ல துணியைப் பிரித்துத் தைக்கும்போது ஊசி பழைய துளையிலேயே இறங்க வேண்டும். புதுத் துளை விழுந்தால் துணி கெட்டுப்போகும். கைநேர்த்தி என்பதே அதுதான். அதே நேர்த்தியைத்தான் அவர் பெண்டாட்டியின் உடம்பிலும் காட்டியிருக்கிறார்.

காவேரிக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நஜ்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரே எடத்துல போட்டுப் போட்டுக் கொழுப்பு கட்டிக்கிச்சிங்க. அந்தக் கட்டியில போட்டா மருந்து ஒழுங்கா ஒடம்புல ஏறாது. அதான் சக்கரை எறங்கல, நாப்பது வரைக்கும் ஏத்தியிருக்காங்க. இன்னிக்கு நல்ல எடத்துல அதே நாப்பதப் போட்டீங்க, மொத்தமும் ஏறிடிச்சி. பழைய மருந்து மேலயும் தப்பில்ல, புது மருந்து மேலயும் தப்பில்ல."

"அந்தக் கட்டி அவளுக்கு வலிக்கவே வலிக்காதுங்களே," என்றார் அக்பர் அலி.

"ஆமாங்க. அந்த எடம் மரத்துப்போயிடும். அதான் எல்லாரும் அங்கயே போடறாங்க."

 அவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப அவ கண்ணு?"

"சக்கரை நெறைய நாளு எறங்காம இருந்தா கண்ணுக்கும் கெடுதல்தாங்க. எவ்ளோ கெட்டிருக்குதுன்னு கண் டாக்டர்தான் சொல்லணும். வியாழக்கெழமை வருவாரு. காட்டிட்டுப் போங்க."

நஜ்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பயந்துபோயிருந்தாள். தொடையில் போடச் சொன்னது தான்தான் என்ற குத்தல் வேறு உள்ளே. அதையெல்லாம் சேர்த்து அத்தா தலையில் கொட்டிவிட்டாள்.

"டாக்டர் அவ்ளோ தெளிவா கேட்டாரே அத்தா! மாத்தறன்னு சொன்னீங்களே! ஆறு வருஷமா மருந்தும் போட்டு, சாப்பாட்டையும் புடுங்கி, கடைசியில அம்மா கண்ண நீங்கதான் கெடுத்து வெச்சிருக்கீங்க!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.  அக்பர் அலி கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பைக் கழற்றினார். விரலில் சுற்றினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் அவர் நடந்துபோகும் முதுகைப் பார்த்ததும் நஜ்மாவுக்கு, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் போய்க் கூப்பிடவில்லை.

* * *

சாயங்காலம் ஆறு மணி. அம்மாவும் மகளும் மட்டும்.

"நஜ்மா, அத்தாவ எதுக்கு அப்பிடிப் பேசுன?"

"பின்ன என்னம்மா? அவரு செஞ்சது சரியா?"

"அவரு செஞ்சது இல்ல. நான் செஞ்சது."

நஜ்மா நிமிர்ந்தாள்.

"மூணு வருஷத்துக்கு முந்தி ஊருக்குள்ள ஒரு கேம்ப் போட்டாங்க இல்ல? அங்க ஒரு நர்ஸம்மா என் வயித்தத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லிச்சி. 'இங்க போடாதீங்க, வேற வேற எடத்துல போடச் சொல்லுங்க வூட்டுல'ன்னு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா அத்தாகிட்ட சொல்லல?"

அமீருன்னிசா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மொதோ மாசம் நீ பாக்கல, நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. எங்க போட்டாலும் எனக்கு வலிச்சிச்சி. நான் 'ஸ்ஸ்'னா அவரு கை நடுங்கும். கை நடுங்கினா இன்னும் வலிக்கும். ஒரு நாளு ஊசி உள்ளயே வளைஞ்சிபோச்சி. மனுசன் ஊசியக் கீழ போட்டுட்டு, ரெண்டு நாளு சோறு தின்னல, மிஷின்ல உக்காரல. 'என்னால ஆகாது அமீரு, உன்ன நான் குத்திக் கெடுக்கறன்'னு அழுதாரு. அப்புறம் அந்த எடம் கெடச்சிச்சி. அங்க வலிக்கல. அவரு கையும் நின்னுச்சி."

"அம்மா…"

"அந்த நர்ஸம்மா சொன்ன அன்னிக்கி சாயங்காலம் சொல்லலாம்னுதான் இருந்தன். அவரு வழக்கம்போல வந்து, 'வலிக்குதா அமீரு?'ன்னாரு. அந்த மூஞ்சியப் பாத்துட்டு இல்லீங்கன்னு சொல்லிட்டன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு மூணு வருஷம் போயிடிச்சி."

 நஜ்மாவால் கோபப்படவும் முடியவில்லை. யார் மேல் கோபப்படுவது?

"இத அத்தாகிட்ட சொல்லிடாத," என்றாள் அமீருன்னிசா. "நான் மறைச்சிட்டன்னு தெரிஞ்சா அவரு தாங்கமாட்டாரு."

"சொல்லலன்னா, தான்தான் உன் கண்ண கெடுத்ததுன்னு நெனச்சிக்கிட்டே இருப்பாரும்மா! அத மட்டும் தாங்குவாரா?"

 அமீருன்னிசா கண் ஓரத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

* * *

ஏழு மணிக்குக் காவேரி வந்தாள். "சக்கரை மறுபடி ஏறிக்கிச்சி. பதினாறு மட்டும் போடச் சொல்லியிருக்காரு டாக்டர். பேனா இருக்குதில்ல? நீங்களே போடுங்க, சரியா போடறீங்களான்னு நான் பாக்கணும். நாளைக்கு வூட்டுல நீங்கதானே போடணும்?"

காவேரி அக்பர் அலியைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. முகம் கழுவியிருந்தார், தொழுகைக்குப் போய்விட்டு வந்திருக்க வேண்டும். தலையில் தொப்பி இன்னும் இருந்தது. சின்னம்மாள் ஆம்புலன்ஸில் போட்டுவிட்டிருந்த மருந்துப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒவ்வொன்றாக எண்ணிப் பதினாறு வரைக்கும் திருகினார். இரண்டு தடவை சரிபார்த்தார்.

பிறகு அதை நஜ்மாவின் கையில் வைத்தார்.

"நீயே போடும்மா. இனிமே நீயே போடு. தெனமும் அரூருலேர்ந்து வரணும்னாலும் வந்து போட்டுட்டுப் போ. என் கை வேணாம்."

"அத்தா, நான் அப்ப கோவத்துல…"

"நீ சொன்னதுல தப்பில்ல."

அவர் கட்டிலின் மறுபக்கம் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.  காவேரி இடத்தைக் காட்டினாள். நஜ்மா கண்ணை ஒரு முறை மூடித் திறந்து, அம்மாவின் தொடையில் குத்தினாள். கை ஆடிவிட்டது. நன்றாகவே வலித்திருக்கும். அமீருன்னிசா போர்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஒரு சத்தம் வெளியே வரவில்லை.

சுவரைப் பார்த்தபடியே அக்பர் அலி கேட்டார்.

"வலிக்குதா அமீரு?"

வாயிலிருந்து போர்வையை எடுத்தாள். மூச்சை ஒரு தரம் சரிசெய்துகொண்டாள்.

"இல்லீங்க."

நஜ்மா ஊசியை வெளியே எடுத்தாள். அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன, சொல்லாதே சொல்லாதே என்று இறுக்கின.

"அத்தா," என்றாள் நஜ்மா.

அக்பர் அலி திரும்பினார்.